வேதாளத்துக்குக் காப்பிரைட் உண்டா?

சிரிக்காதீர்கள். போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சண்டை போட்டது இந்தக் கேள்விக்காகத்தான். அன்றைக்கு யார் சொன்னதும் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தால், ஒரு ஐம்பது வருட வரலாறே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

விளையாட்டு தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதையில் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், திறந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். எதிரே வரும் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு கணக்குக் கட்டம் உண்டு. உயிர் எத்தனை புள்ளி, எதால் அடித்தால் வலிக்கும், என்ன மந்திரம் தெரியும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து ஒரு சாகசக் கதையை எழுதிவிட்டால், உலகத்தில் யாரும் அதை எடுத்து ஆடலாம். விளையாட்டை விற்கும் கம்பெனி எழுதாமல் வெளி ஆட்கள் எழுதும் கதைகளும் ஏராளம்.

நாங்களும் அப்படி ஒன்று எழுதினோம். களம், வேறென்ன, மேட்டூர்தான்.

தண்ணீருக்குள் ஓர் ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையைக் கட்ட ஆரம்பித்தது 1925-ல், முடித்தது 1934-ல். முழு நீர்மட்டம் 120 அடி. அந்தத் தண்ணீர் நிற்கிற இடத்தில் அதற்கு முன் ஊர்கள் இருந்தன. ஜனங்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். கோயிலும் சர்ச்சும் அங்கேயே நின்றுவிட்டன. மழை பொய்த்து நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடி பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை தூக்கும், சர்ச் கோபுரம் தெரியும். பேப்பரில் போட்டோ வரும். பரிசலில் போய்ப் பார்ப்பார்கள். மறுபடி தண்ணீர் வந்தால் எல்லாம் உள்ளே போய்விடும்.

சாகசக் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? தண்ணீர் இறங்குகிறது, கோயில் வெளியே வருகிறது, மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் உள்ளே போய் வெளியே வர வேண்டும். பதினான்கு பக்கம் எழுதி முடித்தோம். உள்ளே காவலுக்கு ஒரு நாகம், எதிரியாக ஒரு ராட்சசன், மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர் ஒன்று. இலவசமாக எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் ஒருவன் கேட்டான். "டேய், இதெல்லாம் அவன் கம்பெனிது இல்லியா? கேஸ் போட்டுட்டான்னா?"

"ராட்சசன் எப்படிடா அவன்து? ராமாயணத்துல இருக்கறதுடா" என்று இன்னொருவன். "அப்ப வேதாளம்?" என்று மூன்றாவது ஆள். சண்டை ஆரம்பம்.

அம்புலிமாமா செய்த காரியம்

வேதாளத்திலிருந்தே தொடங்குவோம். 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் உண்டு. அவருக்கும் முந்தைய மூலம் ஒன்று இருந்து தொலைந்துபோனது என்பார்கள். மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் போட்டுத் தூக்கி வரும் ராஜா, வழியில் கதை, கடைசியில் கேள்வி. மொத்தம் 25 கதைகள்தான்.

ஆனால் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் வேதாளம் வந்தது. 1947-ல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. 25 கதையை வைத்துக்கொண்டு பத்துக்கணக்கான வருடங்கள் எப்படி ஓட்ட முடியும்? விஷயம் என்னவென்றால், பழைய கதைகள் தீர்ந்த பிறகு அங்கிருந்த எழுத்தாளர்கள் புதுசு புதுசாக எழுதினார்கள். ராஜா பழையவர், வேதாளம் பழையது, முருங்கை மரம் பழையது, கதை மட்டும் புதியது.

யோசித்துப் பார்த்தால் இது அப்படியே நாங்கள் செய்த வேலைதான். எல்லோருக்கும் தெரிந்த பூதத்தை எடுத்துக்கொண்டு வெளி ஆள் எழுதும் புதுச் சாகசம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. 1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் 'விக்ரம் அவுர் பேதாள்' எடுத்தபோதும், 2017-ல் புஷ்கர்-காயத்ரி 'விக்ரம் வேதா'வுக்கு அந்தக் கதைச் சட்டத்தை எடுத்துக்கொண்டபோதும் அதே நிலைமைதான்.

ஆனால் ஒரு 'ஆனால்' உண்டு. வேதாளம் என்றதும் நம் மனதில் வரும் படம் எது? கையில் வாளோடு திரும்பிப் பார்க்கும் ராஜா, தோளில் அந்த வெள்ளை உருவம். அதை வரைந்தவர் ஓவியர் சங்கர், முழுப் பெயர் கே.சி.சிவசங்கரன். 2020-ல் 96 வயதில் காலமானார், மறுவருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தப் படத்தை நான் எடுத்துப் புத்தக அட்டையில் போட முடியாது. 1957-ம் வருடத்து நம் காப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அந்தப் படத்துக்கு உரிமை உண்டு.

ஆக வேதாளம் பொது, சங்கரின் வேதாளம் பொது அல்ல. மொட்டை மாடிச் சண்டையில் எங்களுக்குப் பிடிபடாமல் போனது இந்த ஒரு வித்தியாசம்தான்.

பொம்மைப் பாக்கெட்டில் பிறந்த பூதங்கள்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். கம்பெனி பெயர் டி.எஸ்.ஆர். பூதங்கள் நிறைய வேண்டும். எங்கிருந்து எடுப்பது? கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எடுத்தார்கள். கிரேக்கப் புராணம், டோல்கீனின் நாவல்கள், பழைய சினிமா. மலிவு விலைக் கடையில் பாக்கெட்டில் விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளைக்கூட விடவில்லை. ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேரும், இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் அந்தப் பாக்கெட்டிலிருந்து வந்தவைதான்!

எடுத்தவர்களுக்கும் ஒரு நாள் வந்தது. டோல்கீனின் நாவல்களுக்கான சினிமா, வியாபார உரிமை வைத்திருந்தவர்கள் 1970-களின் பிற்பகுதியில் ஆட்சேபம் எழுப்ப, 'ஹாபிட்' ஹாஃப்ளிங் ஆனது, 'என்ட்' ட்ரீயன்ட் ஆனது, 'பால்ராக்' பேலார் ஆனது. பெயரை மாற்றிவிட்டு அதே பூதத்தை வைத்துக்கொண்டார்கள்.

நம் ராட்சசனும் அந்தக் காலத்திலேயே உள்ளே போய்விட்டான். 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தில் புலித் தலையோடு, கோட்டுப் போட்டு, புகைக்குழாய் பிடித்துக்கொண்டு ஒரு ராட்சசன் இருக்கிறான். ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். இது எந்த ராமாயணத்தில் இருக்கிறது என்று தேடாதீர்கள். 1974-ல் 'கோல்சாக்' என்ற அமெரிக்க டிவி தொடரில் ஒரு ராட்சசன் வந்தான். அவனைக் கொன்றதும் இதே மாதிரி அம்புதான். பின்னால் வந்த புத்தகங்களில் உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும் என்றும் சேர்த்தார்கள். கும்பகர்ணன் பார்த்தால் யாரடா இவன் என்று கேட்பான்.

கோபப்படவும் முடியவில்லை. நாமும் யாளியை ஊருக்கு ஒரு மாதிரி செதுக்கியவர்கள்தானே.

2000: கதவு திறந்தது

ஊரெல்லாம் கடன் வாங்கிய அதே கம்பெனி, 1990-களில் தன் பூதங்களை வைத்து ரசிகர்கள் இணையத்தில் எழுதியதை விரட்ட ஆரம்பித்தது. கெட்ட பெயர்தான் மிச்சம். பணக் கஷ்டமும் சேர்ந்து 1997-ல் டி.எஸ்.ஆர். விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியிடம் கைமாறியது. 1999-ல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

புதுக் கம்பெனியில் ரயன் டான்சி என்பவர் வேறு மாதிரி யோசித்தார். லினக்ஸ் உலகத்தில் மென்பொருளைத் திறந்து விடுகிறார்களே, அதையே விளையாட்டிலும் செய்தால் என்ன? வெளி ஆட்கள் எழுத எழுத, அடிப்படைப் புத்தகத்தின் விற்பனைதானே கூடும்? 2000-ல் மூன்றாம் பதிப்போடு ஓபன் கேம் லைசன்ஸ் வந்தது. சுருக்கமாக ஓ.ஜி.எல். விதிகளும் நூற்றுக்கணக்கான பூதங்களின் கணக்குக் கட்டமும் ஒரு பொது ஆவணமாக வெளியாயின. எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், கப்பம் கட்ட வேண்டாம் என்றார்கள்.

நமக்குப் பழக்கமான உதாரணம் பாரதி. அவர் பாடல்களின் ஒலிபரப்பு, சினிமா உரிமையை வைத்திருந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 1949-ல் அதை விட்டுக்கொடுத்தார். பாரதியின் எழுத்துகளை அரசு வாங்கி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இன்றைக்கு யாரும் பாரதி கவிதைகளை அச்சடிக்கலாம். ஓ.ஜி.எல். அவ்வளவு முழுசான விடுதலை இல்லை, ஆனால் அந்தத் திசையில் ஓர் அடி.

எல்லாப் பூதத்தையும் கொடுத்துவிடவுமில்லை. கடலை மிட்டாய் டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு நெய் முறுக்கை உள்ளே வைத்துக்கொள்வது போல, சிலவற்றைத் தங்கள் அடையாளச் சொத்து என்று தனிப்பட்டியல் போட்டார்கள். கண்கள் முளைத்த பந்து மாதிரி இருக்கும் பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், கித்யாங்கி, யுவான்-டி, அம்பர் ஹல்க் எல்லாம் அந்தப் பட்டியலில். கவனியுங்கள், இவை இந்த விளையாட்டுக்காகவே உண்டாக்கப்பட்டவை. டிராகன், ராட்சசன், நாகம் மாதிரி ஊர்ப் பொதுச் சொத்து எல்லாம் திறந்த பக்கம்.

சங்கிலி

அந்த லைசன்ஸில் 15-ம் பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. நீ ஒரு பூதத்தை யாரிடமிருந்து எடுத்தாயோ அவர்கள் பெயரைப் போட வேண்டும். அவர்கள் யாரிடமிருந்து எடுத்தார்களோ அந்தப் பெயரும் அதிலேயே வரும். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயர் வருவது மாதிரி, பூதத்துக்கு வம்சாவளி!

இதன் பலனை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பழைய பதிப்புகளில் இருந்து, புதிய பதிப்பில் இடம் கிடைக்காமல் விடுபட்ட பூதங்கள் நிறைய. நெக்ரோமான்சர் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் அனுமதி வாங்கி, அவற்றைத் திரட்டி 2002-ல் 'டோம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று புத்தகம் போட்டது, அதுவும் திறந்த உரிமத்தில். சில வருடம் கழித்து பைசோ என்ற இன்னொரு நிறுவனம் தன் விளையாட்டில் அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டது. 15-ம் பிரிவில் பெயர் போட்டதோடு சரி.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது விஸார்ட்ஸ் கெடுபிடியான வேறொரு லைசன்ஸைக் கொண்டுவந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. பழைய லைசன்ஸ் ஏற்கெனவே கையில் இருந்ததால் பைசோ அதை வைத்தே 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்று தனி விளையாட்டே வெளியிட்டு நேருக்கு நேர் போட்டி போட்டது. கொடுத்த கதவு வழியாகவே போட்டியாளர் வந்துவிட்டார். 2016-ல் ஐந்தாம் பதிப்புக்கு விஸார்ட்ஸ் பழைய ஓ.ஜி.எல்.-க்கே திரும்பியது.

2023: வேதாளம் மரம் ஏறியது

கதை இங்கே சுபம் என்று நினைத்திருந்தபோது, 2023 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு புது லைசன்ஸின் வரைவு வெளியே கசிந்தது. வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அதற்கு மேலான தொகையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். நீங்கள் எழுதியதைக் கம்பெனியும் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஓ.ஜி.எல். இனி 'அங்கீகரிக்கப்பட்ட' லைசன்ஸ் அல்ல.

இருபத்து மூன்று வருடமாக அந்த லைசன்ஸை நம்பிச் சின்னச் சின்ன நிறுவனங்கள், வீட்டிலிருந்து எழுதுபவர்கள், ஓவியர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

பழைய லைசன்ஸை எடுத்துப் படித்தால் 'நிரந்தரம்' என்ற சொல் இருக்கிறது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. ஒன்பதாம் பிரிவில் 'அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும்' பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கதவை மூடப் பார்த்தார்கள். லைசன்ஸ் மாறினாலும் பழைய பதிப்பையே நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியே முன்பு தன் கேள்வி-பதிலில் சொல்லியிருந்தது. ஆனால் கேள்வி-பதிலில் சொன்னது வேறு, பத்திரத்தில் எழுதியது வேறு. நிலம் வாங்கி விற்றவர்கள் வீட்டில் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

எதிர்ப்பு பயங்கரமாகக் கிளம்பியது. விளையாடுபவர்கள் மாதச் சந்தாவை ரத்து செய்தார்கள். பைசோ மற்ற நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத 'ஓ.ஆர்.சி.' என்ற தனி லைசன்ஸை அறிவித்தது. கடைசியில் ஜனவரி 27 அன்று விஸார்ட்ஸ் இறங்கி வந்தது. பழைய லைசன்ஸைத் தொட மாட்டோம் என்றது மட்டுமல்ல, ஐந்தாம் பதிப்பின் பொது ஆவணத்தை முழுசாக கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தில் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அதைக் கம்பெனியால் மாற்றவும் முடியாது, ஏனென்றால் அந்த உரிமத்தை எழுதியது வேறோர் அமைப்பு.

இருந்தாலும் பயந்தவர்கள் பயந்தவர்கள்தான். பைசோ 2023 நவம்பர் முதல் தன் புத்தகங்களைத் திருத்தி எழுதி, ஓ.ஜி.எல். வழியாக வந்த பலவற்றை எடுத்துவிட்டது. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தால் பிரித்த டிராகன்களும் போய், வேறு டிராகன்கள் வந்தன. நம்பிக்கை ஒருமுறை போனால் போனதுதான்.

எங்கள் பதினான்கு பக்கம்

இவ்வளவும் படித்த பிறகு எங்கள் கதையைத் திரும்ப எடுத்தோம்.

மைண்ட் ஃபிளேயர் முதலில் வெளியே. அதன் கணக்குக் கட்டம் திறந்த ஆவணத்தில் கிடையாது. ராட்சசன் இருக்கிறான். உயிர் 110 புள்ளி, நினைத்தபோது உருவம் மாற்றுவான், அடுத்தவர் மனதைப் படிப்பான். கணக்கை எடுத்துக்கொண்டு புலித் தலையை விட்டுவிட்டோம். எங்கள் ராட்சசன் வேட்டி கட்டிக்கொண்டு புதையல் தேடி வரும் வெளியூர்ப் பெரிய மனுஷன். நாகமும் இருக்கிறது. காவல் நாகம் என்றே ஒரு வகை, நல்ல குணம், செத்தாலும் சில நாளில் உயிரோடு வந்துவிடும். தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழும் கோயிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நிபந்தனை என்னவென்றால், எங்கிருந்து எடுத்தோம், எந்த உரிமம், என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

மைண்ட் ஃபிளேயர் போன இடம் காலியாக இருந்தது. ஒருவன் சொன்னான், "அணைக்கட்டு முனியப்பனைப் போடலாம்டா. பெரிய மீசை, முழிச்ச கண்ணு, கையில ஆயுதம். காப்பிரைட்டும் கிடையாது." சட்டப்படி அவன் சொன்னது சரிதான். ஆனால் யாருக்கும் கை வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிடும் சாமியை உயிர் இத்தனை புள்ளி என்று கட்டத்தில் எழுதி, நாலு பேர் தாயம் உருட்டிக் கொல்லுவதா?

இதை அம்மாயியிடம் சொன்னேன். அவருடைய அப்பா மூழ்கின ஊர்ப் பக்கம் இருந்து மேலே வந்தவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க வெளையாடுங்க சாமி, வேண்டாங்கல. ஆனா அந்தக் கோயில்ல கெட்டது இருக்குதுன்னு மட்டும் எழுதிப்போடாத. அது எங்கப்பன் கும்புட்ட கோயிலு."

நல்லவேளை, நாகம் காவல்தான் காக்கிறது. கெட்டவன் வெளியிலிருந்து வருகிறவன். அதை ஒரு தடவை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கதையை வெளியே விட்டோம். காலி இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டோம். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆக, வேதாளத்துக்குக் காப்பிரைட் உண்டா? கிடையாது. யாரும் உரிமை கொண்டாட முடியாததால்தான் அது ஆயிரம் வருடமாகத் தோள் மாறித் தோள் மாறி வந்துகொண்டிருக்கிறது. ஒரு கம்பெனி தந்த பூதம் அப்படி வர வேண்டுமென்றால், 'திரும்பக் கேட்க மாட்டோம்' என்று பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பினால் 2023 மாதிரி ஒரு நாள் மரம் ஏறிவிடும். முனியப்பன் விஷயம் வேறு. அங்கே பத்திரமும் இல்லை, கம்பெனியும் இல்லை. கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்களும் உங்கள் ஊர்க் குளத்தையோ கோட்டையையோ வைத்து ஒரு கதை எழுதிப் பாருங்கள். ராட்சசன் வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட மறக்காதீர்கள் :-)